அக்கா வருவதற்கு முன் ஹால் தரையைப் பற்றிச் சில வார்த்தைகள்

பெருமதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தானும் உடல் சுகத்தோடும் மன நிம்மதியோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நிம்மதியை இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் முடியும் வரையிலாவது பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான் சுகம், என் வீட்டுக்காரி சுகம், அப்பா சுகம். அப்பா சுகம் என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறேன், தயவுசெய்து கவனிக்கவும். அவருக்குக் காய்ச்சல் இல்லை, அடி எதுவும் படவில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். என்ன, பதினோரு நாளாக ஹாலுக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான் விஷயம். கடிதம் இத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தாங்கள் இருபதாம் தேதி வருவதாக இருந்த பயணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட்டால் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

ஆனால் தாங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். காரணம் கேட்பீர்கள். 'தாங்கள்' என்று எழுதினால் விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது, இனி நீ என்றே எழுதுகிறேன். நீ ஒரு பள்ளிக்கூடத்தையே பதினெட்டு வருஷம் கட்டி மேய்த்த தலைமை ஆசிரியை. நான் முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக ஊரிலிருக்கிற கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்கி, எந்த லிஃப்ட் எப்போது அறுந்து விழும் என்று எதிர்பார்த்தே சம்பளம் வாங்கினவன். ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் அந்தப் பயம் உடம்பில் தங்கிவிட்டது. போன தடவை நீ கிளம்பும்போது வாசலில் நின்று, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாயே, "அப்பாவுக்கு இங்க ஒரு குறைன்னு கேள்விப்பட்டேன், அடுத்த வண்டியிலயே என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன், ஆமா" என்று, அந்த "ஆமா" இன்னும் வாசற்கதவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் நீ கேள்வி கேட்பாய், நான் உளறுவேன். அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன்.

நம் ஹால் தரை எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்குத் தெரியும். நல்ல மரம்தான், வைரம் பாய்ந்த மரம். ஆனால் எழுபது வருஷமாக எல்லாருடைய காலும் பட்டு, நடுவில் வெளுத்து, ஓரத்தில் மஞ்சளடித்து, ஜன்னல் பக்கம் பூந்தொட்டி வைத்த இடத்தில் மூன்று கறுப்பு வட்டம் விழுந்து, மேஜைக்கு அடியில் நீ ஒன்பதாவது படிக்கும்போது கொட்டின மைக்கறை (அதை நான் கொட்டியதாகத்தான் இன்றுவரை வீட்டில் பேச்சு) அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரிக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. "என்னங்க, தேய்ச்சு, நல்லா அடர் நிறமா சாயம் ஏத்தி, மேல வார்னிஷ் அடிச்சுட்டா வீடே புதுசாயிடும்ங்க. அடர் நிறத்துல கறையும் தெரியாது" என்றாள். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். பயந்துகொண்டு வருகிறவர்களை "ஒண்ணும் வலிக்காது, உள்ள போங்க" என்று அனுப்பி வைப்பதுதான் அவள் வேலை. என்னையும் அப்படித்தான் உள்ளே அனுப்பினாள்.

தரைக்காரர் வந்தார். நாற்பது வருஷமாக மரத்தரை வேலை பார்க்கிறவர். இரண்டு முழங்காலிலும் ரப்பர் மெத்தை கட்டியிருப்பார், அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. கெட்டிக்காரர், நல்ல மனுஷர், ஆனால் அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் தெரியும். எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம் சார்." எண்ணெய் வார்னிஷா, தண்ணீர் வார்னிஷா? எண்ணெய் ரொம்ப நாள் உழைக்கும், ஆனா வாடை இருக்கும், உங்க இஷ்டம் சார். மங்கலா, பாதிப் பளபளப்பா, முழுப் பளபளப்பா? உங்க இஷ்டம் சார். அக்கா, எனக்கு இஷ்டம் என்று ஒன்று எப்போது இருந்திருக்கிறது? சின்ன வயசில் நீ இருந்தாய், அப்புறம் ஆபீஸ் இருந்தது, அப்புறம் இவள் வந்தாள். இந்த வயசில் திடீரென்று ஒருத்தர் வந்து உன் இஷ்டம் என்ன என்று கேட்டால் நான் எங்கே போவேன்? உழைக்கட்டும் என்று எண்ணெய் வார்னிஷ் என்றேன். 'முழு' என்று இருந்தால் குறை சொல்ல முடியாது என்று முழுப் பளபளப்பு என்றேன். இந்த இரண்டு பதிலும் பின்னால் என்னைத் தேடிக்கொண்டு வந்தன.

மெஷின் வைத்து மூன்று தரம் தேய்த்தார்கள். முதலில் முரட்டு உப்புத்தாள், அடுத்து நடுத்தரம், கடைசியில் கைக்குக் குழந்தைக் கன்னம் மாதிரி வழவழப்பாகிற மெல்லிய தாள். தூசி அலமாரிக்குள் போயிற்று, மூடியிருந்த டப்பாவுக்குள் போயிற்று, என் மூக்குக் கண்ணாடிக்குள்ளேயே போயிற்று. தரை மட்டும் வெறும் மரமாக, வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதன் மேல், கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் சுவரோரமாக, ஆறு கட்டம் கட்டி ஆறு சாயம் தடவிக் காட்டினார். ஜன்னல் பக்கம் தேன் நிறத்தில் ஆரம்பித்து, அடர் பழுப்பு, காப்பிக்கொட்டை என்று இருட்டிக்கொண்டே வந்து, கதவுப் பக்கம் கருங்காலி, அதற்கப்புறம் கதவை ஒட்டி, பெயரே இல்லாமல் டப்பாவில் வெறும் எண் மட்டும் போட்ட ஒரு கறுப்பு. நானும் இவளும் மூன்று நாள் அந்த ஆறு கட்டத்தையும் சுற்றிச் சுற்றி வந்தோம். காலையில் பிடித்தது சாயங்காலம் பிடிக்கவில்லை, வெயிலில் பிடித்தது விளக்கில் பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு மனதாக, ஜன்னல் பக்கமிருந்து இரண்டாவது, அடர் பழுப்பு என்று முடிவு செய்தோம். மரத்தின் ரேகை தெரியும், கறை தெரியாது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒருமனதாக எடுத்த இரண்டாவது முடிவு அது.

சாயம் ஏற்றுகிற அன்று காலையில் இவள் வேலைக்குப் போய்விட்டாள். வாடை அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாதே என்று, நாலு நாளைக்கு அவரைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் விடுவதாக ஏற்பாடு. (ஆமாம் அக்கா. நீ நாலு நாளும் போன் பண்ணினாய், நாலு நாளும் அப்பா குளிக்கிறார் என்று சொன்னேன். மூன்றாம் நாள் நீ "தோல் உரிஞ்சிடப் போகுதுடா" என்றது இன்னும் காதில் இருக்கிறது. மன்னித்துவிடு.) ஒரு கையில் அப்பா, ஒரு கையில் அவர் மாத்திரைப் பை, அக்குளில் தலையணை. படியிறங்குகிறபோது தரைக்காரர் உள்ளேயிருந்து "எது சார்?" என்று கேட்டார். "ரெண்டாவது!" என்று கத்திவிட்டுப் போனேன். அப்பாவை உட்கார வைத்து, மாத்திரை விவரமெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். முக்கால் ஹால் கருங்காலியாகக் கிடந்தது.

"என்னங்க இது?"

"ரெண்டாவதுன்னு சொன்னீங்களே சார்."

"ஜன்னல் பக்கமிருந்து ரெண்டாவதுங்க!"

"நான் கதவுப் பக்கமிருந்துதானே சார் எண்ணுவேன். கதவு வழியாத்தானே வர்றேன்."

"இவ்வளவு கறுப்பா இருக்கேன்னு ஒரு சந்தேகம் வரலையா உங்களுக்கு?"

"வந்துச்சு. சரி, உங்க இஷ்டம்னு விட்டுட்டேன்."

சாயம் மரத்துக்குள் இறங்கிவிட்டது, துடைத்தால் போகாது. மிச்சமிருந்த கால் ஹாலையும் கருங்காலியாக்கச் சொல்லிவிட்டு நான் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே கையில் கிடைத்த காலி டப்பாவைப் படித்தது அடுத்த தப்பு. 'எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தாமாகவே, அக்கா! யாரும் கொளுத்தாமலே! சாயம் துடைத்த துணி இருபது இருபத்தைந்து, மூலையில் சுருட்டித்தான் போட்டிருந்தார்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லைக் கொடியில் விரித்துக் காயப்போட்டு, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தையல்காரம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து "துணிக்கா காவல் இருக்கீங்க? யாரு திருடப் போறா அந்தக் கந்தலை?" என்றார். "திருடினா பரவாயில்லைங்க, பத்திக்கும்" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று முழுக்க அப்பாவைக் கொல்லை ஜன்னல் பக்கமே விடவில்லையாம்.

இவள் சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்று பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் என்னைத் திட்டியிருக்கிறாள், அழுதிருக்கிறாள், ஒரு தடவை பால் பாத்திரத்தைக்கூடத் தூக்கிப் போட்டிருக்கிறாள். எதற்கும் நான் இப்படிப் பயந்ததில்லை. அடுத்த மூன்று நாளும் வார்னிஷ். ஒரு பூச்சு, ஒரு நாள் காயவிடுவது, மறுபடி ஒரு பூச்சு. முடிந்தபோது தரையில் கூரை தெரிந்தது, ஜன்னல் தெரிந்தது, குனிந்தால் என் முகம் தெரிந்தது, அது இருந்த இருப்பைப் பார்த்து நிமிர்ந்துவிட்டேன். கறை தெரியவில்லைதான். ஆனால் கறை தவிர மற்றதெல்லாம் தெரிகிறது. ஒரு தலைமுடி விழுந்தால் வெள்ளைக் கயிறு மாதிரித் தெரிகிறது. வெறுங்காலோடு நடந்தால் ஐந்து விரலும் பதிகிறது. நாங்கள் இரண்டு பேரும் சொந்த வீட்டிலேயே காலுறை போட்டுக்கொண்டு கள்ளன் மாதிரி நடக்கிறோம்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஐந்தாம் நாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாகத்தான் படியேறினார். ஹால் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார்.

"டேய், தரை எங்கடா?" என்றார்.

"இதுதான்பா தரை."

"விளையாடாத. தண்ணி நிக்குதா? எவ்வளவு ஆழம் இருக்கும்?"

நான் சிரித்தேன் அக்கா. சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தேன், அதுதான் நான் செய்த பாவம். "வேண்டாம்டா, வேண்டாம்டா, உள்ள போயிடுவோம்டா" என்று சொல்லிக்கொண்டே அவர் நிலையை விடவில்லை. திறந்து கிடக்கிற லிஃப்ட் குழி வாசலில் நின்று கீழே பார்த்தவன் நான். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே பார்வையை எண்பத்தி நாலு வயசில் அவர் சொந்த வீட்டு ஹாலைப் பார்த்துப் பார்த்தார்.

கொல்லைப்பக்கமாகச் சுற்றி, சமையலறை வழியாக அவர் அறைக்குக் கொண்டுபோனோம். அன்றிலிருந்து அந்த அறை, சமையலறை, குளியலறை, இவ்வளவுதான் அவர் உலகம். ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடக்கிறது. தெருவில் போகிற தபால்காரர், நாய் பிடித்துக்கொண்டு நடக்கிற கண்ணாடிக்காரர் எல்லாரும் "அப்பா எங்க, ஊருக்குப் போயிருக்காரா?" என்று கேட்கிறார்கள். கண் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண், பொறுமையாகப் பார்த்தார். "கண்ணு இந்த வயசுக்கு நல்லாவே இருக்கு சார். ஆனா வயசானவங்க சில பேருக்குக் கறுப்பா பளபளன்னு இருக்கிற தரை, தரையாத் தெரியாது. பள்ளமா தெரியும், இல்லன்னா தண்ணியா தெரியும். பிடிவாதம்னு நினைச்சுக்காதீங்க. வெளிர் நிறத்துல விரிப்பு ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றார். வழியெல்லாம் அப்பா என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார், ஏதோ நான்தான் நோயாளி என்பது மாதிரி.

அன்றைக்கே நீளமான வெள்ளை விரிப்பு ஒன்றை வாங்கி அவர் அறை வாசலிலிருந்து ஜன்னல் வரைக்கும் விரித்தேன். "பாலம் போட்டுட்டியா?" என்று சந்தோஷமாகக் காலை வைத்தார். ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் முழுப் பளபளப்பு வேலையைக் காட்டிற்று. விரிப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் பாய்ந்து பிடித்தேன், என் காலுறையும் வழுக்க, இரண்டு பேரும் தொப்பென்று கருங்காலி மேல் உட்கார்ந்தோம். அப்பா என் மேல்தான் விழுந்தார், ஒரு கீறல்கூட இல்லை, டாக்டரிடம் காட்டியாயிற்று. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, என் சட்டையைப் பிடித்தபடி, "நீ விழலையே? நீ விழலையே?" என்று கேட்டார். நீ கேட்டிருக்க வேண்டும் அந்தக் குரலை. வேண்டாம், நீ கேட்கவே வேண்டாம்.

அப்புறம் தரைக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிடச் சொன்னேன். அவர் குனிந்து பலகை இடுக்கில் ஒரு மெல்லிய தகட்டை விட்டு அளந்து பார்த்தார். "பழைய மரம் சார். முன்னமே யாரோ ரெண்டு மூணு தடவை தேய்ச்சிருக்காங்க, நான் ஒரு தடவை. இன்னொரு தடவை தேய்ச்சா சில இடத்துல ஆணி தலையைக் காட்டும், பலகை பிளந்தாலும் பிளக்கும். தேறினாலும் தேறும். உங்க இஷ்டம்." தேய்த்தால் தரை போகும், தேய்க்காவிட்டால் அப்பா உன்னோடு போய்விடுவார். அதுதான் அக்கா என் பயம் எல்லாம். உன் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இருக்காது, தெரியும். ஆனால் காலையில் எழுந்ததும் அவர் இருமுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிகிறது. அதை இவளிடம்கூடச் சொன்னதில்லை. தேய்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், திங்கட்கிழமை மெஷின் வருகிறது. அதனால் நீ தயவுசெய்து இருபதாம் தேதி வராதே. அப்பாவிடமும் எதுவும் கேட்காதே. அடுத்த மாதம் வா, அதற்குள் தரை வெளுத்திருக்கும், அல்லது என் தலை மொத்தமும் வெளுத்திருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம். இதை அவருக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால் முதலில் அவரை உட்காரச் சொல்லவும். பெரியவர்கள் நீங்கள் இரண்டு பேரும் எங்கிருந்தாலும் எங்களை வாழ்த்திக்கொண்டே இருக்க வேண்டும், எங்கிருந்தாலும் என்பது கொஞ்சம் தூரத்திலிருந்து என்று பொருள்படும்.

என்றும் பணிவுள்ள,
உன் தம்பி

பி.கு.: அக்கா, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று இப்போதுதான் தெரிந்தது. உறை வாங்கக் கடைக்குப் போனேன், இவள் வேலைக்குப் போயிருந்தாள், என் போனை ஹால் ஜன்னலில் சார்ஜில் மறந்து வைத்துவிட்டேன். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து பார்த்தால் அப்பா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் போன். என் கால் வாசலிலேயே ஒட்டிக்கொண்டது. "எப்படிப்பா வந்தீங்க?" என்றேன். "நடந்துதான்." "பயமா இல்லையா?" "பயமாத்தான் இருந்துச்சு. ஒவ்வொரு அடியும் போச்சு போச்சுன்னுதான் வெச்சேன். ஆனா போன் நிக்கவே இல்லடா. நாலு தடவை விடாம அடிச்சுது. அப்படி அடிக்கிறவ நம்ம வீட்டுல ஒருத்திதான். பள்ளத்துல விழுந்தா நீ வந்து தூக்கிடுவ. அவ போனை எடுக்கலைன்னா என்னை யாரு காப்பாத்துறது?"

உன்னோடு பதினோரு நிமிஷம் பேசினாராம், கருங்காலி, தையல்காரம்மா, நாலு நாள் குளியல், எதையும் விடவில்லையாம். தரையை மறுபடி தேய்த்தால் என்னைத் தேய்த்துவிடுவாய் என்று சொல்லச் சொன்னாயாம். பதினெட்டாம் தேதியே வருகிறாயாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டேன். "நானும் அதத்தான் கேட்டேன். 'அவனே பயந்து சாகிறான், நீங்களும் வந்துட்டா அவனை யாருப்பா பாத்துக்கிறது'ன்னா" என்றார். இதை எழுதும்போது எழுத்து கொஞ்சம் கலங்கியிருந்தால் பேனாவின் கோளாறு.

இப்போது ஒரே ஒரு சிக்கல். போனவர் போனவர்தான், திரும்பி வர மாட்டேன் என்கிறார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. கையைப் பிடிக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. "போனைக் கொண்டுபோய் சமையக்கட்டுல வெச்சுட்டு, அவளை இன்னொரு தடவை அடிக்கச் சொல்லு, நானே வந்துடுறேன்" என்கிறார். கடிதம் உனக்குக் கிடைக்க மூன்று நாள் ஆகும், அதுவரை அவர் பசி தாங்க மாட்டார். அதனால் திருப்பி அடிக்கச் சொல்ல நானே உன் எண்ணைப் போட்டுவிட்டேன். அங்கே மணி அடிக்கிறது. எடு அக்கா.